பிரபலங்களின் பழைய பேச்சுக்கு இப்போது ஏன் இத்தனை கோபம்?

பிரபலம் ஒருவர் என்றோ உதிர்த்த இழிசொல்லோ, தாமே ஒப்புக்கொண்ட தவறோ மீண்டும் வெளிப்பட்டு மக்கள் கொதிப்பதே இது. பதிவு அழிவதில்லை, ஆளின் உயரமோ கூடிவிடுகிறது. பாளையங்கோட்டை டீக்கடையில் ஒருவர் சாதி சொல்லி ஏசியதை அன்று பலர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம் (அதுவும் தவறுதான்). அதே ஆள் தேர்தலில் நின்றால், ஏச்சு வாங்கியவர் சும்மா இருப்பாரா?

அமெரிக்க நடிகர் கெவின் ஹார்ட், தன்பாலின ஈர்ப்பாளர்களை இழித்த பழைய ட்விட்டர் பதிவுகளால் 2018 டிசம்பரில் ஆஸ்கர் விழாத் தொகுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். முதலில் மன்னிப்புக் கேட்க மறுத்ததுதான் தீயை வளர்த்தது என்பேன்.

இதைக் கருத்துரிமைப் பறிப்பு என்று பலர் நினைப்பது சரியல்ல: அரசு தண்டிப்பது வேறு, ரசிகர் டிக்கெட் வாங்க மறுப்பது வேறு.