2.5 கிலோ குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் பெண் குட்டிக்கு 5 மாதம் முடிந்துவிட்டது, எடை 2.5 கிலோதான். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர், முதல் ஹீட் (இணை சேரும் பருவம்) வருவதற்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். என் மாமியாரோ, ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்பு நன்றாக இருக்கும் என்கிறார். இத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று கணவருக்குப் பயம். குட்டிகளை விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, இவளை வெளியே தனியாக விடுவதும் இல்லை. அப்படியிருக்க இந்த ஆபரேஷன் அவசியமா? செய்வதென்றால் எப்போது?

பதில்: செய்துவிடுங்கள். எப்போது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மாமியார் சொன்னதைப் பார்த்துவிடலாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் மூன்று பேர் சொன்னதில் இந்தக் குட்டிக்கு அதிக ஆபத்தைக் கொண்டுவரக்கூடியது அதுதான்.

ஒரு ஈற்று போட்டால் பெண் நாயின் உடம்பு தேறும், குணம் அடங்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. குட்டி போட்ட நாய்க்கும் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிறது, முலையில் கட்டி வருகிறது. பிரசவத்திலோ, பொமரேனியன், சிவாவா மாதிரி நாய்களுக்குச் சிரமம் அதிகம். இடுப்பெலும்பின் வழி குறுகல், வயிற்றில் இருப்பது ஒன்றோ இரண்டோ குட்டிதான் என்றால் அது நன்றாக வளர்ந்து, தலை பெருத்து, வழியில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் நடுராத்திரியில் சிசேரியன்தான். மயக்க மருந்துக்குப் பயப்படும் உங்கள் கணவர் அன்றைக்கு அதே மயக்க மருந்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதுவும் முக்கி முக்கிக் களைத்துப்போன நாய்க்கு. குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தாலும் முதல் சில வாரங்கள் நிம்மதி கிடையாது. பால் சுரக்கச் சுரக்கத் தாயின் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, மூச்சிரைத்து, கால் விறைத்து, உடம்பு நடுங்கி, வலிப்பு வரை போவது சின்ன இனத் தாய் நாய்களிடம்தான் அதிகம், உடனே கால்சியம் ஏற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. குட்டிகளை வைத்து எதுவும் செய்யப்போவதில்லை என்கிறீர்கள், பிறகு எதற்கு இந்த விஷப்பரீட்சை?

சரி, ஆண் நாய் அண்டாமல் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டால் போதாதா என்றால், குட்டி உண்டாவதை மட்டும்தான் அது தடுக்கும். பெண் நாயின் உடம்பு கொஞ்சம் விசித்திரமானது. இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் கர்ப்பமாக இருப்பது போலவே ஹார்மோன் சுரக்கும். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும், திரவம் சேரும், அங்கே பாக்டீரியா ஏறினால் சீழ் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் டாக்டர்கள் பயோமெட்ரா என்பார்கள். நாய்களுக்கு மெனோபாஸ் கிடையாது, வருடத்துக்கு ஒன்று இரண்டு முறை என்று வயதான பிறகும் ஹீட் வந்துகொண்டுதான் இருக்கும், ஒவ்வொரு முறையும் இதே கதை. ஸ்வீடனில் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இது வந்திருந்தது. ஹீட் முடிந்து சில வாரங்களில் நாய் சோர்ந்து படுத்து, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. சில சமயம் பின்பக்கம் சீழ் கசியும். கர்ப்பப்பையின் வாய் மூடியிருந்தால் அதுவும் வெளியே தெரியாது, அதுதான் இன்னும் மோசம்.

அதற்கு முக்கியமான சிகிச்சையே கர்ப்பப்பையை எடுப்பதுதான், அதாவது இப்போது நீங்கள் தயங்கும் அதே ஆபரேஷன். ஆகவே ஆபரேஷனா, ஆபரேஷனே இல்லாத வாழ்க்கையா என்று கணக்குப் போடாதீர்கள். ஆரோக்கியமான 6 மாதக் குட்டிக்கு நாள் குறித்துச் செய்வதா, 8 வயதில் ரத்தத்தில் விஷம் ஏறிய நாய்க்கு அவசரமாகச் செய்ய நேரலாம் என்பதை ஏற்றுக்கொள்வதா, இதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்தை ஒட்டிய மரணம் ஏறக்குறைய 2000-க்கு ஒன்று. மிகச் சின்ன உடம்புக்கு இந்த அபாயம் சற்றுக் கூடுதல் என்பதும் உண்மைதான். ஏன் கூடுதல் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இத்துனூண்டு உடம்பு வேகமாகச் சூடு இழக்கும், நீண்ட நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், மருந்தின் அளவில் சின்னப் பிசகுகூடப் பெரிதாகும். மூன்றுக்கும் வழி இருக்கிறது. எனவே டாக்டரிடம் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் நேராகக் கேளுங்கள்: முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை உண்டா, எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் (ராத்திரி முழுக்கப் பட்டினி என்றால், இந்த எடைக்கும் அதுதானா என்று இன்னொரு தடவை கேளுங்கள்), ஆபரேஷன் மேஜையில் சூடு கொடுக்க ஏற்பாடு இருக்கிறதா, நரம்பில் டிரிப் போடுவார்களா, மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் ஆள் இருப்பாரா, வலி மருந்து எத்தனை நாளைக்கு. இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் தைரியமாக ஒப்படைக்கலாம். எரிந்து விழுந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், வெட்கமே வேண்டாம்.

இனி எப்போது என்பது. சின்ன இனங்களுக்கு முதல் ஹீட் பெரும்பாலும் 6 முதல் 9 மாதத்துக்குள் வரும். அதற்கு முன் செய்துவிடுங்கள் என்பதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது முலைக்கட்டி. 1969-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கருத்தடை செய்யாத நாயோடு ஒப்பிட்டால் முலைப் புற்றுநோய் அபாயம் முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் 0.5 சதவீதம், ஒரு ஹீட் கழித்து 8, இரண்டாவதுக்குப் பின் 26 என்றது. இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், 2012-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தவர்கள் ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்றுதான் முடித்தார்கள். ஆனாலும் சீக்கிரம் செய்தால் பாதுகாப்பு அதிகம் என்ற திசையைப் பெரும்பாலான டாக்டர்கள் இன்றும் நம்புகிறார்கள், நானும்தான்.

சீக்கிரம் செய்தால் மூட்டு கெடும் என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தினால், அந்தக் கவலை பெரும்பாலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களைப் பற்றியது. 2020-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சின்ன இனங்களில் அப்படி மூட்டுக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் சிறுநீர் கசிவதும் கனமான நாய்களிடம்தான் அதிகம், வந்தாலும் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும்.

உங்கள் குட்டி நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால் 6 மாதத்தை ஒட்டி நாள் குறிக்கச் சொல்வேன். அந்த வயதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பொமரேனியன்களுக்குப் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். வாயைத் திறந்து பாருங்கள், இரட்டைப் பல் இருந்தால் அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம். தொப்புளில் சின்னப் புடைப்பு இருந்தால் அதையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள்.

தள்ளிப்போடவும் காரணங்கள் உண்டு. கூடப் பிறந்தவற்றைவிட மிகவும் நோஞ்சானாக இருந்தாலோ, சாப்பிட்ட பிறகு மந்தமாகித் தள்ளாடினாலோ, முதலில் கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டும், சின்ன இனங்களில் பிறவியிலேயே கல்லீரல் ரத்தக்குழாய்க் கோளாறு இருப்பதுண்டு. பிறப்புறுப்பு உள்ளடங்கி அடிக்கடி அங்கே தொற்று வந்தால், ஒரு ஹீட் வந்து போகட்டும் என்று டாக்டரே சொல்லலாம். எதைக் கண்டாலும் ஒடுங்கும் மிகவும் பயந்த சுபாவம் என்றாலும் அவசரம் வேண்டாம், இந்த ஆபரேஷன் பயத்தைப் போக்காது.

அதற்குள் ஹீட் வந்துவிட்டால் பதறாதீர்கள். அப்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் செய்யச் சொல்வார்கள். ஹீட் நீடிக்கும் மூன்று வாரமும் கண்ணும் கருத்துமாக இருங்கள், குறிப்பாக ரத்தப்போக்கு வெளுத்துக் குறையும் நாட்களில். முடிந்துவிட்டது என்று நாம் அசரும் அந்த நேரத்தில்தான் அது ஆண் நாயை ஏற்கும். ஹீட்டைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அந்த ஹார்மோன் ஊசியே கர்ப்பப்பையில் சீழ் பிடிக்க வழி செய்யும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொமரேனியனின் அடர்ந்த முடி, ஆபரேஷனுக்காக மழித்த இடத்தில் திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகலாம், சிலவற்றுக்கு முடியின் தன்மையும் கொஞ்சம் மாறும். அழகு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஒரு காரணமாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு 10 முதல் 14 நாள், காயத்தை நக்காமல் தடுக்க மாட்டும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், பாவம் என்று கழற்றிய ஐந்து நிமிடத்தில் தையலைப் பிரித்துவிடும். சோபாவில் ஏறிக் குதிப்பதும் குளியலும் கூடாது. வலிக்கிறதோ என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, பாராசிட்டமால், இபுபுரோஃபென் எல்லாம் நாய்க்கு, அதுவும் இந்த எடைக்கு, நஞ்சாகிவிடும். காயம் ஆறியதும் சாப்பாட்டின் அளவை டாக்டரிடம் கேட்டுக் குறைத்துவிடுங்கள். கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவைப்படும் சக்தி கணிசமாகக் குறைகிறது, பசி மட்டும் குறைவதில்லை. மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். வளர்ச்சி நின்ற பிறகு கால் கிலோ ஏறினால் நமக்கு அது ஒன்றுமில்லை, இவளுக்கு அது உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.