யார்க்ஷையர் மூர்களையும் துறைமுகப் படகுகளையும் படமெடுக்க 16-35 வாங்கலாமா, 70-200 வாங்கலாமா?

நீங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், ஆகஸ்டில் நாலு நாள் லீவு கிடைத்திருக்கும், கையில் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 16-35 என்ற அகல லென்ஸா, தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட டைடு டேபிளைப் பாருங்கள். அதற்குக் காசு கிடையாது.

நான் மிடில்ஸ்பரோவாசி. படகு என்றால் எல்லாரும் விட்பி துறைமுகத்துக்குத்தான் ஓடுவார்கள். எஸ்க் ஆறு, சுழல் பாலம், குன்றின் மேல் இடிந்த மடாலயம் எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. என் ஓட்டு ஸ்டெய்த்ஸுக்கு. அதே கடற்கரையில் இன்னும் வடக்கே போனால் வரும் சின்ன மீனவ ஊர். ஓடையின் குறுக்கே ஒரு நடைபாலம். அதன் மேல் நின்றால் கீழே கோபிள் படகுகள் கட்டிக் கிடக்கும். மூக்கு உயர்ந்து, பின்பக்கம் அடி தட்டையாக இருக்கும். மணலிலேயே கரையேற்றுவதற்காக அப்படிக் கட்டினார்கள்.

இருட்டும் நேரத்தில் ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்தால் வீடுகள் கூர்மையாக விழும், மிதக்கிற படகுகள் ஆவி மாதிரி கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றி ஷட்டர் நேரத்தைக் குறை என்பார்கள். நான் தண்ணீர் வற்றும் நேரத்துக்குப் போனேன். படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன, அசைவே இல்லை. அரை நிமிடம் திறந்து வைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகளின் விளிம்பில் நீலப் பெயின்ட் உரிந்திருப்பது வரை தெரிகிறது. தொய்ந்த கயிற்றில் பச்சைப் பாசி, கயிற்றின் அடியில் சேற்றில் ஒரு நண்டு போன தடம். ‘சேறும் சகதியும் ஒரு படமா’ என்று கீழே யாராவது கருத்துப் போடுவார்கள், தெரியும். ஈரச் சேற்றில் வானம் பளபளப்பதை அவர்கள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.

மூர் என்றால் கரடுமுரடான மேட்டுநிலம், செடிகொடி மக்கிய பீட் மண், மேலே ஹெதர் புதர். ஆகஸ்டில் அது பூத்து மலையே ஊதாவாகிவிடும். என் ஹெதர் படத்தைப் பார்த்து ஒரு கேமரா கிளப் நடுவர், ‘கலரை ஏற்றிவிட்டீர்கள்’ என்றார். ஏற்றவில்லை ஐயா. மழை விட்ட பிறகு, மேகமூட்டத்தில், லென்ஸ் முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்தது. நனைந்த இலைகளின் மினுக்கை போலரைசர் வெட்டிவிடும், அடியில் இருக்கும் நிறம் அப்படியே வந்து நிற்கும். உச்சிவெயிலில் எடுத்தால் அதே பூ வெளிறித்தான் தெரியும். அவர் வெயிலில் மட்டும் மூருக்குப் போகிறவர் போல. இன்னொன்று, காட்டுக்கோழி வேட்டைக்காக அங்கங்கே புதரை எரித்து வளர்ப்பதால் மலை ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். இளம் புதர் உள்ள பட்டையைத் தேடி நில்லுங்கள். கிழட்டுப் புதர் குச்சி குச்சியாக இருக்கும். பிளேக்கி ரிட்ஜ் சாலையில் காரை ஓரங்கட்டும்போது ஆடுகளைப் பார்த்து. வேலி கிடையாது.

கேமரா வாங்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன்: சொந்தக்காரர்களிடம் மூச்சு விடாதீர்கள். ‘தம்பி, நீதான் கேமரா வச்சிருக்கியே’ என்று தொடங்குவார்கள். காதுகுத்து, பிறந்தநாள், வளைகாப்பு, எல்லாம் நம் தலையில். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகுதான் நமக்கு இலை போடுவார்கள். அப்புறம் ‘என் முகம் கறுப்பா விழுந்திருக்கு’ என்று ஒரு சித்தி வருத்தப்படுவார். விட்பி துறைமுகத்தையும் மீனவர்களையும் எடுத்துப் பெயர் வாங்கிய ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853-1941) கூட ஸ்டூடியோவில் முகப்படம் எடுத்துத்தான் பிழைத்தார். அவருக்குக் காசாவது கொடுத்தார்கள்.

சரி, லென்ஸ். வாங்கியே தீருவேன் என்றால் 70-200. மூரை அகல லென்ஸில் எடுத்தால் முகடெல்லாம் ஒல்லிக் கோடாகிவிடும். போலரைசர் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போகும். அகல லென்ஸ் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் என் ஊர் மூரைத்தான் சொல்கிறேன். மிச்சக் காசில் போலரைசரும் நல்ல ரப்பர் பூட்ஸும் வாங்குங்கள். ஸ்டெய்த்ஸில் காரை மேலேயே நிறுத்திவிட்டுச் செங்குத்தான தெருவில் இறங்க வேண்டும், திரும்பும்போது ட்ரைபாடோடு ஏற வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.