இடம் குறையாது, விடுதி?

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறதாமே? என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் காரைக்குடியில் படிக்க விரும்புகிறாள். அவளைப் போன்றவர்களின் இடம் பறிபோகாதா?
– மீனவர் ஒருவர், பாம்பன்

பதில்: இடம் பறிபோகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள், அனுமதிக்கப்பட்ட மொத்த இடங்களுக்கு மேல் 25 சதவீதம் வரை தனியாக உருவாக்கப்படுபவை. அவை காலியாகவே கிடந்தாலும் உள்ளூர் மாணவர்களுக்குத் தரப்பட மாட்டா. நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுக் கணக்கிலும் அவை கை வைப்பதில்லை. (கடவுச்சீட்டுதான் இங்கே அளவுகோல். துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரரின் மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், இந்த 25 சதவீதத்தில் வரமாட்டார்.)

கலிபோர்னியாவின் நிலை வேறு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம், வெளிமாநில, வெளிநாட்டு இளநிலை மாணவர்களின் பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் வாய்ப்பைக் குறைக்கிறது என்ற எதிர்ப்புக்குப் பிறகு, 2017-இல் 18 சதவீத உச்சவரம்பு விதித்தது.

இருந்தாலும் உங்கள் கவலையில் நியாயம் உண்டு. அறுபது பேர் வகுப்பில் பதினைந்து பேர் கூடினால், ஆய்வக மேசைகளும் ஆசிரியர்களும் விடுதிக் கட்டில்களும் தாமாகக் கூடிவிடுவதில்லை. உள்கட்டமைப்பையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் கருத்தில் கொண்டே கூடுதல் இடங்களை முடிவு செய்ய வேண்டும் என்று அதே நெறிமுறை கூறுகிறது. என் பார்வையில் அதன் உயிர்நாடியே அந்த வரிதான். பாம்பனிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய்வர முடியாத பெண்ணுக்கு, விடுதி இல்லையென்றால் சேர்க்கைக் கடிதம் கிடைத்தும் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்திலேயே கல்லூரிச் சேர்க்கையும் தொடங்கிவிடுவதால், வெளியே அறை எடுக்க முன்பணம் கட்டுவது உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டவர் செலுத்தும் கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதியை மாணவியர் விடுதிக்கே ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். வெளிநாட்டு மாணவர்கள் வரட்டும், அவர்களுடன் படிப்பது நம் பிள்ளைகளுக்கும் நல்லது; விடுதியைக் கட்டிவிட்டு அழைக்கட்டும்.

விண்ணப்பிக்கும் முன், உங்கள் மகள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எழுதுங்கள். மாணவியர் விடுதியில் எத்தனை இடம், அவற்றில் வெளிநாட்டவருக்கு எத்தனை, முதலாமாண்டினருக்கு எந்த அடிப்படையில் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதால், தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.