பழைய லைப்ரரிகளை அழித்தால் இடம் கிடைக்குமா?

கேள்வி: மடிக்கணினியில் உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம்) இருந்தது. அதை 22.04-க்கும் பிறகு 24.04-க்கும் மேம்படுத்தினேன். ரூட் பார்ட்டிஷன், அதாவது சிஸ்டம் இருக்கும் வட்டுப் பகுதி, 25 ஜிபிதான், நிரம்பிவிட்டது. லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு) கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கோப்புகள் இருக்கின்றன. பழையவற்றை அழித்துவிடலாமா?

பதில்: கையால் மட்டும் அழிக்காதீர்கள். நீங்கள் பார்த்த இரண்டு மூன்றில் பெரும்பாலும் ஒன்றுதான் நிஜக் கோப்பு. தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லிப்இசட்.எஸ்ஓ.1.3’ என்பது கோப்பு, ‘லிப்இசட்.எஸ்ஓ.1’ அதைச் சுட்டும் வெறும் இணைப்பு. நிரல்கள் தேடுவது இரண்டாவது பெயரைத்தான். பழைய எண் என்று நினைத்து அதை நீக்கினால் ஒரு பைட்டும் மிச்சமாகாது, ஆனால் அதை நம்பியுள்ள நிரல்கள் எல்லாம் நின்றுபோகும். ஒருமுறை ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் அடிப்படையான சி லைப்ரரியின் இணைப்பிலேயே கைவைத்தவன் நான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடவில்லை, யூஎஸ்பியில் பூட் செய்துதான் மீட்டேன்.

உண்மையிலேயே பழையவை வேறு. 20.04-இல் குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.1 இருந்தது, 22.04-இல் 3 வந்தது. உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தில் பேக்கேஜின் (நிறுவும் மென்பொருள் பொதியின்) பெயரிலேயே இந்த எண் இருப்பதால் இரண்டும் அருகருகே நிற்க முடியும். அப்படித் தங்கிப்போனதை நீக்க முக்கியக் காரணம் இடம் இல்லை, அது சில எம்பிதான். 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை.

முதலில் டெர்மினலில் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுங்கள் (ஆப்ட் என்பது பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி). வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை அதுவே பட்டியலிடும். ஒய் அழுத்துமுன் பட்டியலைப் படியுங்கள். அடுத்து, ‘ஆப்ட் லிஸ்ட்’ கட்டளையோடு டில்டா குறியும் சிறிய ஓ எழுத்தும் மேற்கோளுக்குள் சேர்த்துக் கொடுத்தால், இப்போதைய களஞ்சியம் (பேக்கேஜ்கள் இறங்கும் இணைய இருப்பு) எதிலும் இல்லாத பேக்கேஜ்கள் தெரியும். ஆனால் நீங்களே டெப் கோப்பாக இறக்கி நிறுவியவையும் அதில் வரும், எல்லாமே குப்பை இல்லை. ஒன்றை நீக்கச் சொல்லும்போது கூடவே நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரலும் போகும் என்று காட்டினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சிக்கலான இடம், நீங்களே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து யூஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறைக்குள் போட்டவை. ஆப்டுக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. உபுண்டுவில் லைப்ரரிகளைத் தேடும் வரிசையில் அந்தக் கோப்புறை முந்தி நிற்பதால், அங்குள்ள பழையது புதியதை மறைத்து வினோதமான பிழைகளைத் தரலாம். எந்த நிரலுக்கு எது தேவை என்று எல்டிடி கட்டளை காட்டும், ஆனால் ஓடும்போது ஏற்றப்படும் பிளக்இன்கள் அதில் தெரியாது. அதனால் அழிக்காமல் வேறு கோப்புறைக்கு நகர்த்தி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டி, சில வாரம் பாருங்கள்.

சரி, இடம் எங்கே போனது? பழைய கர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அவற்றின் மாட்யூல்களும் நூற்றுக்கணக்கான எம்பி தின்னும். ஆட்டோரிமூவ் அவற்றையும் பார்த்துக்கொள்ளும். உபுண்டுவின் இன்னொரு பேக்கேஜ் முறையான ஸ்னாப், ஒவ்வொரு செயலியின் முந்தைய பதிப்பையும் வைத்திருக்கும். சிஸ்டத்தின் பதிவேடான சிஸ்டம்டி ஜேர்னல் இயல்பாக பார்ட்டிஷனில் 10 சதவீதம் வரை வளரலாம், உச்சவரம்பு 4 ஜிபி. உங்கள் 25 ஜிபியில் அது இரண்டரை ஜிபி! ‘ஜேர்னல்சிடிஎல்’ கட்டளையின் வேக்யூம்-சைஸ் விருப்பத்தில் 200 எம்பி என்று கொடுத்தால் சுருங்கிவிடும். ‘ஆப்ட் கிளீன்’ இறக்கிவைத்த டெப் கோப்புகளைத் துடைக்கும்.

இவ்வளவும் செய்தபின் வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் பயன்பட்ட அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்றால், நீக்கிய கோப்பை ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது விடும்வரை கர்னல் இடத்தைத் திருப்பித் தராது. ஒரு ரீபூட் போதும்.