ஊற்றும் வழி திறந்த பிறகே வடிக்கும் வழி
கார் கேள்வி-பதில்

கே: ஐந்து கியர் மேனுவல் ஹேட்ச்பேக், பெட்ரோல், 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? எதில் தொடங்க வேண்டும்?
- வாசகர், திருப்பூர்

ப: தாராளமாக மாற்றலாம். ஆனால் தொடங்க வேண்டியது ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டில் அல்ல, மேலே இருக்கும், ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டில். வருடக்கணக்கில் திறக்காத போல்ட் சில சமயம் அசையவே அசையாது. கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப் போக வேண்டும். ஃபில்லர் போல்ட் இளகினால்தான் அடுத்த வேலை.

பத்து நிமிடம் ஓட்டி கியர் பெட்டியைச் சூடாக்குங்கள். இளஞ்சூட்டில் ஆயில் முழுதாக வடியும். அடியில் தங்கிய துகளும் கூடவே வரும். பிறகு வண்டியைத் தூக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் பின்னால் ஒதுங்கிவிடும். ஃபில்லர் துளை முன்பக்கம் இருக்கும் பெட்டியில் அளவுக்கு மேல் ஏறும், பின்பக்கம் இருந்தால் குறைந்துவிடும்.

இன்ஜின் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிட்டு கியர் ஆயில் என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் எந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருகிறதோ, அதுதான் கியர் பாக்ஸ். பல சிறிய கார்களில் அது பேட்டரிக்கு நேர் கீழே இருக்கும்.

டிரெய்ன் போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல வழுக்கினால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நெருடினால், நகத்தில் சிக்குகிற சில்லு இருந்தால், உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயில் மாற்றி அது சரியாகாது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

போல்ட்டின் அலுமினிய வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் கசியும். அந்தக் கசிவை நிறுத்த இன்னும் இறுக்கினால் பெட்டியின் வெளிக்கூட்டில் உள்ள மரை போய்விடும். போல்ட் இரும்பு, கூடு அலுமினியம். தோற்பது எப்போதும் கூடுதான். கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவோடு நிறுத்துங்கள்.

ஊற்றுவதற்கு ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் புனலைச் செருகி, பானட் வழியாக இறக்கினால் போதும். பாட்டிலைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிட்டால் ஆயில் இளகி சுலபமாக இறங்கும். இந்த வகைக் கார்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பக்கவாட்டு ஃபில்லர் துளை உள்ள பெட்டியில் துளையின் கீழ் விளிம்புவரை நிரம்பி வழியத் தொடங்கியதும், வழிவது நிற்கும்வரை காத்திருந்து போல்ட்டை மூடுங்கள். வடிந்த பழைய ஆயிலையும் அளந்து பாருங்கள். அரை லிட்டர் குறைந்திருந்தால் எங்கேயோ ஆயில் சீல் கசிகிறது.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிற பொருள் அது. கேனில் அடைத்து, வேஸ்ட் ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கே: கையேட்டில் 75டபிள்யூ-80 ஜிஎல்-4 என்று இருக்கிறது. கடைக்காரர் ஜிஎல்-5 தருகிறார், இதுதான் உயர்ந்தது என்கிறார். ஊற்றலாமா?
- வாசகர், மதுரை

ப: வேண்டாம். ஜிஎல் என்பது கியர் ஆயில் எந்த வேலைக்கு என்று சொல்லும் வகைக் குறி. 4, 5 என்பது தர வரிசை அல்ல, வேலை வேறு. ஜிஎல்-5 ஆயிலில் கடும் அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரு மடங்கு. பின்சக்கர இழுவை வண்டிகளில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி அழுத்தும். அங்கே அது தேவை. உங்கள் பெட்டியில் கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்வது பித்தளை சின்க்ரோ ரிங். அந்தச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். கூடவே, ரிங் பிடிப்பதற்குத் தேவையான உராய்வும் குறையும். கியர் கரகரவென்று விழும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். கெட்டித்தன்மையைக் குறிக்கும் 75டபிள்யூ-80 போன்ற கியர் ஆயில் எண்ணும் இன்ஜின் ஆயிலின் எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல. 75டபிள்யூ-90 என்றதும் மிகவும் கெட்டி என்று நினைக்க வேண்டாம். சூட்டில் அது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு அருகில்தான் இருக்கும்.

கே: மழை வெள்ளத்தில் சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டினேன். கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டுமா?
- வாசகர், வேளச்சேரி

ப: உடனே பாருங்கள். பெட்டிக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சூடான பெட்டி திடீரென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதே கிரேடு ஆயிலை நிரப்பி, சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, திரும்ப வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடிக்கும். அதன் பிறகு வரும் ஊளைச் சத்தத்தை எந்த ஆயிலாலும் நிறுத்த முடியாது.

கே: ஆட்டோமேட்டிக் காருக்கும் இதே முறைதானா?
- வாசகர், நாகர்கோவில்

ப: எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது. ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும் மேனுவல்) என்றால் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான். அடிப்படை முறை ஒன்றே. கிளட்சையும் கியரையும் இயக்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரின் ஆயில் மட்டும் தனி, அதில் கை வைக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் விசையைக் கடத்தும்) வகையில் டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நின்றுவிடும். பலவற்றில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் வீட்டில் இறங்காதீர்கள். சிவிடிக்கு (கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள வகை) அதற்கென்றே உள்ள ஃப்ளூயிட் மட்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் (ஏடிஎஃப்) ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கி, புல்லி கீறிவிடும்.

கே: ஆயில் மாற்றிய பிறகும் ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது. ஏன்?
- வாசகர், ஈரோடு

ப: இன்ஜினை அணைத்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளையோ ஹைட்ராலிக் ஆயிலையோ பாருங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. எனவே கிளட்சை மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். சத்தம் நின்றால் கியர் பாக்ஸில் குறை இல்லை.