அரிச்சுப்போன சென்சார்

கேள்வி: அண்ணா, நான் எலக்ட்ரானிக்ஸ் மூணாவது வருஷம். மண்ணு காஞ்சா தானா தண்ணி விடுற ப்ராஜெக்ட் பண்றோம். டெமோ நல்லாதான் ஓடுச்சு, ஆனா பத்து நாள்லயே ரீடிங் தாறுமாறா வருது. சென்சார மாத்திடுங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. கைடு வேற இதுல ரிசர்ச் எங்க இருக்குன்னு கேக்குறாரு. என்ன பண்றது?

பதில்: தம்பி, அந்த சென்சார தூக்கிப் போட்டுடாதீங்க, உங்க கைடு தேடுற ரிசர்ச் அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. மண்ணுலேர்ந்து எடுத்து கழுவிப் பாருங்க, கவட்டை மாதிரி ரெண்டு கால் உள்ள, மின்தடைய அளக்குற டைப்னா ஒரு கால் அரிச்சுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஈர மண்ணுல ஒரே திசையில கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தா மின்னாற்பகுப்பு நடந்து பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரையும். இது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா உங்க மண்ணுல எத்தன நாள்ல எவ்வளவு தப்பு வருது, ரீடிங் எடுக்குறப்ப மட்டும் கரண்ட் குடுத்தா எவ்வளவு குறையுதுன்னு நீங்க அளந்தாத்தான் தெரியும். மூணு சென்சாருக்கு எந்நேரமும் கரண்ட், இன்னொரு மூணுக்கு ரீடிங் நேரத்துல மட்டும், ஆறையும் ஒரே மண்ணுல வைங்க. ஒண்ணே ஒண்ண வெச்சு முடிவு பண்ணா ஏமாந்துருவீங்க.

சரியான ஈரம் எதுன்னு சென்சார்கிட்டயே கேக்க முடியாதில்லையா, அதுக்கு கொஞ்சம் மண்ண எடை போட்டு, ஓவன்ல 105 டிகிரில 24 மணி நேரம் காயவெச்சு, மறுபடி எடை போடுங்க, குறைஞ்ச எடைதான் தண்ணி. சிவில் லேப்ல கேட்டா ஓவன் தருவாங்க. தப்பா வந்த ரீடிங்கயும் தேதியோட நோட்டுல எழுதுங்க, அடிச்சு அழிச்சுடாதீங்க. ரிப்போர்ட் பைண்டிங்குக்கு காட்டுற அக்கறைய பசங்க இந்த நோட்டுக்கு காட்டாததுதான் எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

கேள்வி: நான் ஒரு காலேஜ்ல ஆசிரியை. வருஷா வருஷம் அறுபது பேருக்கு புது ப்ராஜெக்ட் டைட்டில் தேடவே நேரம் சரியாப் போகுது, இதுல ரிசர்ச் எப்படி சார்?

பதில்: புது டைட்டில் எதுக்கு மேடம்? போன வருஷ டீம் விட்ட இடத்துலேர்ந்து இந்த வருஷ டீம் தொடரட்டும், லேப்ல இருக்குற பி.எச்டி மாணவரோட வேலையில ஒரு சின்ன துண்ட ஒரு டீமுக்கு பிரிச்சுக் குடுங்க. அமெரிக்காவுல இருக்குற எம்ஐடில 1969லயே மார்கரெட் மெக்விகர் இளநிலை மாணவங்கள ஆராய்ச்சியில சேக்குறதுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அது இன்னும் நடக்குது. 10 சென்டிமீட்டர் கனசதுர செயற்கைக்கோள், க்யூப்சாட், அதுவும் 1999ல மாணவர்கள் படிக்குற காலத்துக்குள்ளயே வடிவமைச்சு கட்டணும்னு யோசிச்சதுதான், 2018ல அந்த வகை செயற்கைக்கோள் ரெண்டு, செவ்வாய் கிரகம் வரைக்கும் போச்சு. வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, அவுட்புட் வந்துச்சான்னு கேக்குறதுக்கு முன்னாடி எதுல சொதப்புச்சு, ஏன்னு கண்டுபிடிச்சீங்களான்னு கேளுங்க, அதுக்கும் மார்க் குடுங்க. வருஷக் கடைசியில ஜூனியர் டீம்கிட்ட அந்த நோட்டையும் அரிச்சுப்போன சென்சாரையும் சேத்தே குடுக்கச் சொல்லுங்க.