வாசகர் கேள்வி பதில்: பூட்டானில் ஒரு பள்ளத்தாக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்

நானும் கணவரும் பத்து வயது மகனும் நவம்பர் கடைசியில் பூட்டான் போகிறோம். இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அந்நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டுமாம். டூர் ஏற்பாடு செய்பவர், நாலே இரவில் திம்பு, புனாக்கா, போப்ஜிகா, ஹா, பாரோ என்று ஐந்து பள்ளத்தாக்கையும் காட்டிவிடுகிறேன், கட்டணம் மிச்சம் என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா? - வாசகி, சிவகங்கை

வேண்டாம் சகோதரி. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரியவர்கள் இருவருக்கு 2,400, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பாதி என்பதால் மகனுக்கு 600, ஆக ஒரு இரவுக்கு 3,000 ரூபாய். இதே இரவுக்கு மற்ற வெளிநாட்டினரில் பெரும்பாலானோர் ஆளுக்கு நூறு டாலர் கட்டுகிறார்கள். 1974-இல் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்ததிலிருந்தே பூட்டானுக்கு ஒரு கொள்கை உண்டு: குறைவான ஆட்கள் வரட்டும், வருபவர்களால் நாட்டுக்கு நன்மை இருக்கட்டும். நாட்டின் நிலத்தில் 60 சதவீதம் என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவமும் பள்ளிப்படிப்பும் அங்கே மக்களுக்கு இலவசம். நாம் கட்டும் பணம் இப்படிப்பட்ட செலவுகளுக்குத்தான் போகிறது, அதனால் அதை நுழைவுச்சீட்டு மாதிரி நினைக்காதீர்கள்.

இப்போது அந்த நாலு இரவுத் திட்டம். திம்புவிலிருந்து போப்ஜிகா போக, 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோச்சுலா கணவாயை ஏறி இறங்கி, அப்புறம் இன்னொரு மலையும் ஏறி, பாதி நாள் ஆகும். ஐந்து பள்ளத்தாக்கையும் தொடவேண்டும் என்றால் பையன் பாதி நேரம் வண்டியில் தலைசுற்றிப் படுத்திருப்பான், நீங்கள் சாலையோர ஓட்டலில் அவசரமாகச் சாப்பிடுவீர்கள், நீங்கள் செலவழிக்கும் காசு எந்தக் கிராமத்து வீட்டுக்கும் போய்ச் சேராது. நான் முதல் தடவை போனபோது இப்படித்தான் ஓடினேன். ஒரு ஊர்க்காரரோடுகூட உட்கார்ந்து பேசவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

என் யோசனை இது: ஹாவை விட்டுவிடுங்கள், முடிந்தால் ஒரு இரவைக் கூட்டிக்கொள்ளுங்கள், போப்ஜிகாவில் இரண்டு இரவு ஒரு விவசாயி வீட்டில் தங்குங்கள். உருளைக்கிழங்கு விளைகிற ஊர். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடலாம், அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் நேராக அந்த வீட்டுக்குப் போகும். நீங்கள் போகும் மாதத்தில் திபெத்துப் பக்கமிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வந்து அங்கே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும். வந்து இறங்கும்போதும் திரும்பும்போதும் மேலே இருக்கும் காங்தே மடத்தை அவை மூன்று முறை வலம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். பறக்கும்போது மோதிச் சாகக் கூடாது என்று அந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செல்போனைத் தூக்கிக்கொண்டு சதுப்பு நிலத்துக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஆள் கிட்டே வந்தால் மேய்ச்சலை விட்டுக் கிளம்பிவிடும். அங்குள்ள கொக்கு மையத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், அதில் பார்த்தால் கழுத்துக் கறுப்பு வரைக்கும் தெரியும்.

விமானத்தில் போவது சுற்றுச்சூழலுக்குக் கேடு என்கிறார்களே, வேறு வழி உண்டா? - வாசகர், ஈரோடு

உண்டு, நேரம்தான் வேண்டும். சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஹாசிமாரா, அப்புறம் எல்லையில் இருக்கும் ஜெய்காவ். வாசலைத் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். போகவர நாலைந்து நாள் ரயிலிலேயே போய்விடும், லீவு கிடைக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஒருவழியாவது ரயிலில் வரலாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும், ஆதாரைக் காட்டி உள்ளே போக முடியாது.

கோயில்களில் படம் எடுக்க விடுவார்களா? என்ன உடை போடவேண்டும்? - வாசகி, கோவை

வெளியே எடுக்கலாம், சன்னிதிக்குள் கூடாது. ஜோங் என்கிற கோட்டை மடங்களுக்குள் முழுக்கை, முழங்காலுக்குக் கீழ்வரை உடை, தலையில் தொப்பி இல்லாமல் போங்கள். சோர்டென் என்ற சிறு ஸ்தூபிகளை இடமிருந்து வலமாகச் சுற்ற வேண்டும், நம் பிரதட்சிணம் மாதிரியே. 2019-இல் நம் நாட்டிலிருந்து போன ஒருவர் தோச்சுலாவில் சோர்டென் மேலேயே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு, போலீஸ் விசாரணைக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அங்கே இருக்கும் 108 சோர்டென்களும் 2003-இல் நடந்த சண்டையில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டியவை. அது தெரிந்திருந்தால் காலை வைத்திருப்பாரா? உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வழி காட்டுவதோடு, எங்கே என்ன நடந்தது என்றும் அவர் சொல்வார்.

அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. புளியோதரை, முறுக்கு, பேப்பர் தட்டு எல்லாம் எடுத்துப்போகலாமா? - வாசகர், திருச்சி

புளிக்காய்ச்சலை டப்பாவில் எடுத்துப்போங்கள், தப்பே இல்லை. பாரோ பக்கத்துச் சிவப்பரிசிச் சோற்றில் பிசைந்தால் நன்றாகவே இருக்கும். முறுக்கும் எவர்சில்வர் டப்பாவிலேயே போகட்டும், தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே. பிளாஸ்டிக் பைகளை 1999-லேயே தடை செய்த நாடு அது, ஆனாலும் பாரோவில் தக்சங் மடத்துக்கு ஏறும் பாதையோரம் சிப்ஸ் உறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் பார்த்தேன். ஒரு வயதான அம்மாள் கோணிப்பையோடு குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே ஏறினார், சில உறைகளில் நம் ஊர்க் கம்பெனிப் பெயர் இருந்தது. அன்றிலிருந்து மலையேறும்போது என் பையில் ஒரு காலிப் பை தனியாக இருக்கும். நம் குப்பையை மலையில் விடாமல், ஊருக்குத் திரும்பி வந்து போட்டாலும் பரவாயில்லை.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். எமதட்சி என்று ஒரு குழம்பு வரும், பச்சை மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைத்தது. காரம் கண்ணில் நீர் வரவைக்கும், சோறு நிறையப் போட்டுக்கொண்டு கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளட்டும்.